காற்றாடி சுற்றாத வீடு

அத்தியாயம் ஐந்து

"மூன்றாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி பத்து நிமிடம் தாமதமாக வந்து சேரும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அறிவிப்பாளர் பொத்தானை அணைத்தாள். படித்து முடித்த சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நிஜமா எவ்வளவு நேரம் ஆகும்?" வத்தி கேட்டாள்.

"நாப்பது நிமிஷம். பத்துன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"பொய் சொல்லச் சம்பளம், ஏசி, கண்ணாடி ரூம். நான் தினமும் பொய் சொல்றேன். ஒரு நல்ல நாற்காலிகூடக் கிடையாது."

அறிவிப்பாளர் சிரிக்கவில்லை. வத்தியின் முதலாளி நிதானமும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து வத்தி பார்த்ததே இல்லை.

நிதானம் என்பது அவர் பெயர் அல்ல. பன்னிரண்டு வருடமாகத் துப்பறிகிறார். ஒரு நாளும் ஓடியதில்லை. அதனால் வந்தது. வத்தியும் பெயர் அல்ல. ஆள் ஒல்லி. வாயைத் திறந்தால் எங்காவது பற்றிக்கொள்ளும்.

"உங்க தங்கச்சி இன்னிக்காவது மாத்திரை போட்டாங்களா?" நிதானம் கேட்டார்.

அறிவிப்பாளர் இழுப்பறையிலிருந்து வேறொரு சீட்டை எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போடல சார். இன்னியோட பதினோரு நாள். டாக்டர் நேத்து சொன்னது: கிட்னி இன்னும் முழுசாப் போகல. புதன்கிழமைக்குள்ள மறுபடி ஆரம்பிச்சா காப்பாத்திப் பாக்கலாம். அதுக்கு மேல அவர் கையில இல்ல."

சீட்டில் வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சாய்கோடுகள் இருந்தன. மூச்சு விட வேண்டிய இடங்கள்.

"எங்ககிட்ட பேசறதுக்குமா எழுதி வெச்சிருக்கீங்க?" என்றாள் வத்தி.

"பதினாறு வருஷப் பழக்கம்மா. எழுதாம பேசினா தப்பு வந்துடுமோன்னு பயம். வீட்டுக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடிகூட நாலு வரி எழுதிக்குவேன்."

ஒன்றரை வருடத்துக்கு முன் தங்கைக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தவள் இந்த அக்காதான். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். தங்கை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்தாள். மறுநாள் நிறுத்திவிட்டாள்.

"அவ ஒண்ணே ஒண்ணுதான் சொல்றா சார். 'அந்த வீடியோல பேசற அம்மா என் முன்னாடி வந்து, நான் சொன்னது தப்புன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே போடறேன்.' நீங்க அவளைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும். போலீஸ், கேஸ் எதுவும் வேண்டாம்."

"வீடியோவை நீங்க பாத்தீங்களா?"

"பத்து செகண்ட். அதுக்கு மேல முடியல. யாரோ ஒருத்தி என் தங்கச்சியைக் கண்ணுன்னு கூப்பிடறா. ஃபோனைத் தூக்கி எறிஞ்சுட்டேன்."

மேஜைமேல் அறிவிப்பு விளக்கு எரிந்தது. அவள் கவிழ்த்து வைத்த சீட்டை மறுபடி எடுத்தாள். அதே தாமதத்தை இரண்டு மொழியில் சொன்னாள். முதலில் ஆபீஸ் மொழி. பிறகு வீட்டு மொழி. அந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். விண்ணப்பம், அபராதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் முதல் மொழியில் வரும். தாலாட்டும் சண்டையும் இரண்டாவதில்.

நிதானம் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அறிவிப்புக்கு ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் வாய்விட்டுத் திட்டினார். இரண்டாவதைக் கேட்டதும் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் சார். ஆபீஸ் மொழியில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நம்ம மொழியில சொன்னா நாப்பது நிமிஷமும் உக்காந்திருப்பாங்க."

"உங்க தங்கச்சி என்ன வேலை பாக்கறாங்க?"

"இன்சூரன்ஸ் கம்பெனில. பணம் கிடையாதுன்னு சொல்ற லெட்டர் இருக்கே, அதை அடிக்கறவ."

"எந்த மொழியில?"

"ஆபீஸ் மொழியிலதான். வேற எதுல அடிப்பாங்க?"

நிதானம் குடையை எடுத்துக்கொண்டார்.

*

டயர் கடைக்கு மேலே அவர்கள் அலுவலகம். ஒரு மேஜை. இரண்டு நாற்காலி. அதில் ஒன்றுக்கு மூன்று கால்தான் சரி. வத்தி அதில் பேலன்ஸ் செய்து உட்காரப் பழகியிருந்தாள்.

"இதைப் பாரு," என்றார் நிதானம்.

ஆபீஸ் மொழி வீடியோ. ஒரு பெண் கேமராவைப் பார்த்துப் பேசினாள். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தானாக ஏற்றுக்கொள்ளுமாம். மாத்திரைதான் கெடுக்கிறதாம்.

வத்தி சிரித்தாள். "யாரு பாஸ் இது? புடவைக் கடை பொம்மைக்கு வாய் வந்த மாதிரி இருக்கா. ஆதாரம் என்னன்னு கேட்டா அழுதுடுவா."

"இப்ப இது."

வீட்டு மொழி வீடியோ. இதில் முகம் இல்லை. பூவும் சூரியனும் வந்து வந்து போயின. குரல் மட்டும். வயதான, மெதுவான குரல்.

"கண்ணு, உன் உடம்பு உனக்குத் தெரியாதா? உள்ள வந்தது உனக்காக வந்தது. அதை நம்ம ஆளா ஏத்துக்க விடு. மாத்திரை போட்டுப் போட்டு அதை வேத்து ஆளாவே வெச்சிருக்கியேடா. ஒரு வாரம் விட்டுத்தான் பாரேன்."

நாற்காலியின் நாலாவது கால் தரையில் இடித்தது. வத்தி தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு பாஸ்." பிறகு நிமிர்ந்தாள். "அடச்சே."

"ரெண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுதான்."

"தெரியுது. ஆனா ரெண்டாவதைக் கேட்டா, எனக்கு ரெண்டு கிட்னியும் நல்லா இருக்கேன்னு வருத்தமா இருக்கு."

இரண்டும் ஒரே சானல். முதலாவதை ஒன்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே மஞ்சள் பட்டை: இந்தத் தகவல் தவறானது. கமெண்ட்டில் பாதி வசவு. இரண்டாவதை நாலு லட்சம் பேர். மஞ்சள் பட்டை இல்லை. நிதானம் சனிக்கிழமையே புகார் எழுதியிருந்தார். பதில் வந்திருந்தது. ஆபீஸ் மொழியில். தாங்கள் குறிப்பிடும் மொழியில் சரிபார்க்கும் வசதி தற்போது இல்லை.

வத்தி கமெண்டுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். "'எங்க அம்மா பேசற மாதிரி இருக்கு.' 'செத்துப்போன எங்க அத்தை ஞாபகம் வந்துடுச்சு.' 'எங்க அக்கா முன்னாடி இப்படித்தான் பேசுவா.' 'அம்மா, நீங்க நல்லா இருக்கணும்.' ஒருத்தர்கூட கிட்னியைப் பத்திப் பேசல பாஸ். எல்லாரும் சொந்தக்காரங்களைப் பத்திப் பேசறாங்க."

"ஆள் எங்க இருக்கான்னு யோசி."

"சானல்ல பேர் இல்ல, முகம் இல்ல, ஊர் இல்ல. எங்கன்னு யோசிக்க?"

"கேளு." நிதானம் ஒலியைக் கூட்டினார். "என்ன கேக்குது?"

"குரல்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"இந்த வெயில்ல வீட்டுல உக்காந்து ஒருத்தி ஒன்றரை நிமிஷம் பேசறா. காத்தாடி சத்தம் இல்ல. மிக்ஸி இல்ல. நாய் குரைக்கல. பக்கத்து வீட்டுல யாரும் இருமல. இப்படி ஒரு வீடு எங்க இருக்கு?"

"சுடுகாட்டுப் பக்கம்."

"ஸ்டூடியோல."

வத்தி நாற்காலியை நேராக்கினாள்.

நிதானம் இரண்டு ஃபோனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ஆபீஸ் மொழிப் பெண்ணின் முகம், சத்தம் இல்லாமல். மற்றதில் வீட்டு மொழிக் குரல். இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டினார். முகத்தில் வாய் மூடிய இடத்தில் எல்லாம் குரல் நின்றது. வாய் திறந்த இடத்தில் தொடங்கியது.

"மூச்சு தீர்ந்தாதான் மனுஷங்க நிறுத்துவாங்க," என்றார். "இவ மூச்சு இருக்கறப்பவே நிறுத்தறா. இன்னொருத்தி வாய் மூடற இடத்துல."

"டப்பிங்!"

"அந்த மொழியிலேர்ந்து நம்ம மொழிக்கு டப்பிங் பண்ற ஸ்டூடியோ இங்க எத்தனை?"

"மூணு. ஒண்ணுல என் சித்தப்பா மக கரடிக்குக் குரல் குடுத்திருக்கா. நிஜத்துல பேசறதைவிட அதுல நல்லாப் பேசியிருக்கா."

*

செவ்வாய்க்கிழமை காலை. முதல் ஸ்டூடியோ இப்போது துணிக்கடையாகியிருந்தது. இரண்டாவதில் கார்ட்டூன் மட்டும். சித்தப்பா மகளான கரடி வத்தியை ஞாபகமாக விசாரித்தது. மூன்றாவது ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் இருந்தது. கதவு ஒரு சாண் கனம். உள்ளே நுழைந்ததும் தெரு செத்துப்போனது.

ஒலிப்பதிவாளர் வீடியோவை இருபது செகண்ட் கேட்டார். கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நம்ம வேலைதான். சுகாதாரப் படம். நாலு வருஷம் ஆச்சு."

"சுகாதாரப் படமா?" என்றாள் வத்தி. "இதைக் கேட்டா சுகாதாரமாச் சாகலாம்."

"முழுசாப் பாருங்கம்மா. அப்பறம் திட்டுங்க."

பெரிய திரையில் ஓட விட்டார். மொத்தம் ஆறு நிமிடம். முதல் ஒன்றரை நிமிடம் அந்தப் பெண் பேசினாள். பிறகு திரையில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. ஒரு டாக்டர் வந்தார். வீட்டு மொழியில்தான் பேசினார்.

"மேற்குறிப்பிட்ட கருத்து மருத்துவ ரீதியாக ஆதாரமற்றதாகும். நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளை இடைநிறுத்துதல் உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடும்."

நாலரை நிமிடம் அப்படியே போனது. வத்தி கொட்டாவியை அடக்கினாள்.

"பொய்யை நிறுத்தறதுக்கு எடுத்த படம்," என்றார் ஒலிப்பதிவாளர். "முதல்ல பொய்யைக் காட்டு, அப்பறம் உடைன்னு திட்டம். பொய் நல்லா இருந்தாதானே ஜனங்க ஏன் ஏமாறுறாங்கன்னு புரியும்? அதனால அந்தம்மா தாள்ல 'அன்பாக'ன்னு எழுதினாங்க. டாக்டர் தாள்ல 'மரியாதையாக'ன்னு எழுதினாங்க."

"அதான் மரியாதையாத் தூங்க வெக்கறார்."

"நான் சொன்னேம்மா. டாக்டரும் மனுஷன் மாதிரிப் பேசட்டும்னேன். படிச்சவர் கொச்சையாப் பேசினா மதிப்பு போயிடும்னாங்க."

"முழுப் படம் வெளியில இருக்கா?" நிதானம் கேட்டார்.

"இருக்கே. இருநூத்திப் பன்னெண்டு பேர் பாத்திருக்காங்க. அதுல முப்பது தடவை நான்."

"டாக்டரை வெட்டி எடுத்தது யாரு?"

"கத்தரிக்கோல் எவன் வீட்டுல இல்ல சார்? ஒருத்தன் வெட்டினான். நூறு பேர் எடுத்துப் போட்டாங்க. அவன் ஊரே வேறயா இருக்கும். நம்ம மொழியே தெரியாதவனாக்கூட இருப்பான். எது ஓடுதுன்னு எண் மட்டும் பாத்திருப்பான்."

நிதானம் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். குற்றவாளி என்று எழுதவேண்டிய இடம் அது. கோட்டோடு விட்டுவிட்டார்.

"குரல் குடுத்த அம்மாவுக்கு இது பொய்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? இங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியாத்தான் வருவாங்க. அவங்கவங்க வரி மட்டும்தான் அவங்கவங்க தாள்ல இருக்கும். டாக்டர் குரல் வேற நாள் வந்தார். அந்தம்மா ஒரு நாள்ல நாப்பது துண்டு பேசிட்டுப் போவாங்க. சோப்பு, விதை நெல்லு, வீட்டுக் கடன். நடுவுல இது ஒண்ணு."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியல சார். பாத்துட்டிருந்த தற்காலிக வேலை நிரந்தரமாச்சுன்னு வர்றதை நிறுத்திட்டாங்க. வயசானவங்க இல்ல. நாங்கதான் குரலை ரெண்டு படி கீழ இறக்கி அம்மாவா ஆக்கினோம். இருங்க, இறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கு."

அவர் தேடினார். ஒரு கோப்பைத் திறந்தார். இரண்டு படி மேலே ஏறிய குரல் அறையில் வந்து நின்றது.

"கண்ணு, உன் உடம்பு உனக்குத் தெரியாதா?"

நிதானத்தின் பேனா நின்றது.

வரிகள் முடிந்தன. பதிவு முடியவில்லை. காகிதம் வைக்கும் சத்தம். அதே குரல், இப்போது தாள் இல்லாமல், சிரித்துக்கொண்டு: "போதுமாண்ணா? என் தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரியே சொல்லிட்டேன். அவளுக்குக் காய்ச்சல்னா இப்படித்தான் பேசுவேன்."

ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். "நல்ல குரல், இல்ல?"

வத்தி நிதானத்தைப் பார்த்தாள். நேற்று மூன்றாம் நடைமேடைக்கு வண்டி பத்து நிமிடம் தாமதம் என்று சொன்ன குரல். இதில் அன்பு இருந்தது. அதனால் வத்திக்கு அடையாளம் காண மூன்று வரி ஆனது.

வத்தி எதுவும் சொல்லவில்லை. இறங்கி வந்து, பல் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியும் சொல்லவில்லை. அது புதிது.

*

மதியச் சாப்பாட்டு நேரம். நடைமேடையின் கடைசி பெஞ்சில் அறிவிப்பாளரை உட்கார வைத்து, நிதானம் முழுப் படத்தைப் பற்றிச் சொல்லி, ஃபோனில் அந்தப் பதிவைப் போட்டார்.

கேட்டு முடித்தாள். டிபன் டப்பாவை மூடினாள்.

"டாக்டர் வரி என் தாள்ல இல்லையே சார்."

"இல்ல."

"அப்ப தங்கச்சிக்கு உடம்பு நல்லா இருந்தது. கிட்னின்னா எந்தப் பக்கம் இருக்கும்னுகூட எங்களுக்குத் தெரியாது."

"ஆமா."

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். வத்தி அவளுடைய தோளில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"மேடம், ஒரு யோசனை," என்றாள் வத்தி. "அதே ஸ்டூடியோ, அதே மாதிரி ரெண்டு படி இறக்கி, 'மாத்திரை போடு கண்ணு'ன்னு இன்னொரு வீடியோ."

"எந்த சானல்ல போடுவ?" என்றார் நிதானம். "அந்த சானல் நம்மகிட்ட இல்ல. புதுசா ஒண்ணு போட்டா, யாரோ அந்தக் குரலைத் திருடிட்டாங்கன்னு சொல்வாங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா." அறிவிப்பாளர் எழுந்துகொண்டாள். அவள் முகத்தில் என்னவோ வந்திருந்தது. மூன்று நாளில் முதல் தடவை. "அவ நேர்லதானே வரச் சொன்னா? அந்தம்மா வந்து சொன்னா போடறேன்னு சொன்னா. அந்தம்மா நான்தானே? ஆள் கிடைச்சாச்சு இல்ல சார்? இன்னிக்குச் செவ்வாய்தான். நாளைக்குத்தான் புதன்."

"கிடைச்சாச்சு," என்றார் நிதானம்.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு வெள்ளைச் சீட்டும் பேனாவும் எடுத்தாள். பெஞ்சில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நடுநடுவே சாய்கோடு போட்டாள்.

நிதானம் அதைப் பார்த்தார். பிறகு பல நாள் அந்த நிமிடத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

தங்கையின் வீடு இரண்டாவது மாடி. முன்னறையில் கட்டில். அதன் பக்கத்தில் லெட்டர் அடிக்கும் கம்ப்யூட்டர், உறை போட்டு மூடி. மாத்திரை அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒன்றும் கிழிபடவில்லை. மேலே காற்றாடி கடகடவென்று சுற்றியது.

தங்கையின் முகம் வீங்கியிருந்தது. கால்கள் இன்னும் அதிகம். ஆனால் சிரித்தாள்.

"கண்டுபிடிச்சீங்களா சார்? இதுக்கெல்லாம் துப்பறிவாளர் வெச்ச முதல் ஆள் எங்க அக்காவாத்தான் இருக்கும்."

"கண்டுபிடிச்சோம்."

"எங்க இருக்காங்க?"

நிதானம் அக்காவைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். இருமல் வந்தது.

"இவளா? சும்மா இருங்க சார். இவ எங்கிட்ட பேசறதே ரெண்டு வார்த்தை. 'மாத்திரை போட்டியா?' அதையும் நடைமேடை நம்பர் சொல்ற மாதிரிதான் சொல்வா."

"ஒரு தடவை கேளுங்க," என்றாள் வத்தி. ஃபோனை அவள் கையில் கொடுத்தாள்.

தங்கை கேட்டாள். வரிகள் முடிந்து, காகிதச் சத்தமும் முடிந்து, 'என் தங்கச்சிகிட்ட சொல்ற மாதிரியே' வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் பற்றிய வரியில் உதட்டைக் கடித்தாள்.

"எனக்கு அப்பவே தோணிச்சு," என்றாள். "கமெண்ட்லகூட எழுதினேன். எங்க அக்கா முன்னாடி இப்படித்தான் பேசுவான்னு."

"நான்தான்டி," என்றாள் அக்கா.

"முன்னாடி பேசுவ. கிட்னி குடுத்ததுலேர்ந்து பேசல."

"எனக்குப் பயம்டி. போயிடுமோன்னு."

"எது?"

அக்கா கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து விரித்தாள். ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். முதுகை நேராக்கினாள். அது பதினாறு வருடப் பழக்கம்.

"நான் அந்த வீடியோவில் சொன்னது தவறு. அது என்னுடைய சொந்தக் கருத்து அல்ல. எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரைகளை உடனடியாக..."

"கையில என்னக்கா?"

அக்கா நிறுத்தினாள்.

"சீட்டு."

"அப்ப எழுதிக் குடுத்ததைப் படிச்சேங்கற. சரி. இப்ப யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான் எழுதினேன். சத்தியமா."

"'பரிந்துரைத்த.' நீ எழுதினதா? ஆஸ்பத்திரிக்காரன் எழுதின மாதிரி இருக்கு. நானும் தினமும் இப்படித்தான் அடிக்கறேன். 'தங்கள் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது.' பரிசீலிச்சிருக்கவே மாட்டோம்."

"தூக்கிப் போட்டுடறேன். பாரு." அக்கா சீட்டைக் கசக்கினாள். கீழே போட்டாள். வெறும் கையோடு நின்றாள். வாயைத் திறந்தாள்.

காற்றாடி சுற்றியது.

"போடுடி," என்றாள். "மாத்திரை போடு."

அவ்வளவுதான் வந்தது. மிரட்டுவதுபோல் வந்தது.

"பாத்தியா," என்றாள் தங்கை மெதுவாக. "மூணாம் நடைமேடை."

வத்தி முன்னால் வந்தாள். "நீங்க வாக்குக் குடுத்தீங்க. அந்தம்மா நேர்ல வந்து தப்புன்னு சொன்னா போடறேன்னு. வந்துட்டாங்க. சொல்லிட்டாங்க."

"அந்தம்மா எங்கங்க வந்தாங்க?" தங்கை அக்காவைக் காட்டினாள். அதில் கோபம் இல்லை. "குரல் இவளோடதுதான். நம்பறேன். ஆனா அப்படிப் பேசற அக்கா வரலியே. இவதானே வந்திருக்கா."

அக்கா தரையில் கசங்கிக் கிடந்த சீட்டைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. முன்னெல்லாம் எனக்கு ராத்திரி பயமா இருந்தா நீ வருவ. ஒண்ணும் இல்ல கண்ணுன்னு சொல்வ. சொன்ன மாதிரியே ஒண்ணும் இருக்காது. அந்தக் குரல்ல நீ எங்கிட்ட ஒரு பொய்கூடச் சொன்னதில்ல. இந்தக் குரல்ல தினமும் ஊருக்கே சொல்ற. பத்து நிமிஷம் லேட்டுன்னு."

அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இப்ப அது நீதான்னு தெரிஞ்சப்பறம் எனக்கு இன்னும் நிம்மதியா இருக்கு," என்றாள் தங்கை. "வேத்து ஆள் பேச்சைக் கேட்டுட்டோமோன்னு ஒரு உறுத்தல் இருந்தது. உன் பேச்சைத்தான் கேட்டிருக்கேன். அதுவரைக்கும் சரி."

நிதானம் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். இன்று செவ்வாய். நாளைக்குப் புதன். பன்னிரண்டு வருடத்தில் தேடச் சொன்ன ஆளை மூன்றே நாளில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திய கேஸ் இது ஒன்றுதான்.

தங்கை தலையணைக்கு அடியிலிருந்து தன் ஃபோனை எடுத்தாள். எங்கே தொடவேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. பூ வந்தது. சூரியன் வந்தது.

"நீயும் ஒரு தடவை முழுசாக் கேளுக்கா. பத்து செகண்ட்ல தூக்கி எறிஞ்சேன்னு சொன்னியே. கேட்டா உனக்கும் நல்லா இருக்கும்." பிறகு மேலே பார்த்தாள். "யாராவது அந்தக் காத்தாடியை நிறுத்துங்களேன். சரியாக் கேக்க மாட்டேங்குது."

சுவிட்ச் வத்தியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் நகரவில்லை. அக்காதான் எழுந்து போய் நிறுத்தினாள்.

இறக்கைகள் மெதுவாயின. நின்றன. அறையில் வேறு சத்தம் இல்லை. நாய் குரைக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரும் இருமவில்லை.

"கண்ணு, உன் உடம்பு உனக்குத் தெரியாதா?"

தங்கை அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அக்காவின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. தாளில் சாய்கோடு இருந்த இடங்களில் மட்டும் மூச்சு விட்டாள்.